கண்டியில் ஓர் எம்.ஜி. காரின் அரை அங்குலம்

கடந்த மாதம் டொரன்டோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பாட்டனார் கண்டியில் விட்டுச்சென்ற எம்.ஜி. டி.சி. ரக ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பித்துவரும் இளைஞர் எழுதியிருந்தார். "சமதரையில் நிறுத்தினால் வலப்பக்கம் அரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது, ஐயா. ஸ்பிரிங்கைக் கழற்றி அடித்துத் தாழ்த்தும்படி கராஜில் சொல்லியிருக்கிறேன். இந்த வண்டியைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

தெரியும். அந்த அரை அங்குலம் உருவானபோது பக்கத்தில் நின்றவன் நான். அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, வேலையை நிறுத்தச் சொன்னேன்.

டி.சி. ரகம் 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் சுமார் 10,000 வண்டிகளாக வெளிவந்தது. 1250 சி.சி. எஞ்சின், 19 அங்குலக் கம்பிச் சில்லுகள். நான்கு மூலைகளிலும் வில்லாக வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கே அதனைத் தாங்கும். இலங்கை மலைநாட்டிலோ கார்ப் பந்தய மோகம் போருக்கு முன்பே வேரூன்றியிருந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கிவிட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி முடங்கியது. இருப்பதைச் செப்பனிட்டு ஓட்டுவதே வழியாயிற்று. 1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள். வண்டிகள் இங்கேயே நின்றன.

நமது வண்டியும் அப்படி நின்றதுதான். 1973இல் கண்டியில் ஒரு புரொக்டர் அதனை வாங்கினார். இளம் நிருபனான நான் அவருடைய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். தோட்டப் பாதையின் கற்கள் அடியில் இடிக்காதிருக்க, முந்திய துரை பின்புற ஸ்பிரிங்குகளில் லொறித் தகடு ஒவ்வொன்றைச் செருகியிருந்தார். பின்புறம் மட்டும் தூக்கியதால் வண்டி மூக்குக் குத்தி நின்றது. முன் அச்சுக்கு இருக்கவேண்டிய பின்சாய்வு குறைந்துபோயிற்று. வளைவு முடிந்ததும் தானாக நேருக்குத் திரும்பும் குணத்தை ஸ்டியரிங் அந்தச் சாய்விலிருந்துதான் பெறுகிறது. கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும்போது வண்டி தெருவெங்கும் அலைந்தது. புரொக்டர் இரண்டு முறை மதிலை உரசினார்.

கட்டுக்கலையில் ஒரு பட்டறை. அங்கிருந்த பாஸ் ஏதோ ஒரு தோட்டத்துக் கொல்லரின் மகன். முதலில் ரயர்களில் காற்றை அளந்து சமப்படுத்தினார். பின்பு அச்சிலிருந்து சட்டகத்தின் அடிவரை நான்கு இடங்களிலும் மூங்கிற் குச்சியால் அளந்து கீறினார். தரையிலிருந்து அளந்தால் ரயர் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடுமாம். லொறித் தகடுகளை எறிந்தார். அசல் தகடுகளைப் பிரித்து, குழிவான பட்டடையில் வைத்து, குளிர்ந்த நிலையிலேயே அங்குலம் அங்குலமாகத் தட்டி வளைவை மீட்டார். உலையில் காட்டவேயில்லை. சூடேற்றிய எஃகை முறையாகத் தோய்த்துப் பதப்படுத்தாவிட்டால் ஒரே மாதத்தில் படுத்துவிடும் என்றார்.

பூட்டும்போது இன்னொன்றும் கண்டேன். ஸ்பிரிங் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களின் ஆணிகளை அவர் ஜக்கில் தூக்கிய நிலையில் முறுக்கவில்லை. வண்டியின் பாரம் சில்லுகளில் இறங்கிய பிறகே முறுக்கினார். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் திருகி நின்று பொய் உயரம் காட்டும், பிறகு கிழியும். இன்றும் பல பட்டறைகளில் நடக்கும் தவறு இது.

கடைசியாகப் புரொக்டரை ஸ்டியரிங் முன் அமரச் சொன்னார். ஐயா கனத்த சரீரி, பெரும்பாலும் தனியே செல்பவர். அவர் அமர்ந்ததும் வலப்பக்கம் தாழ்ந்தது. பாஸ் வலப்பக்கத்து ஸ்பிரிங்குகளை மறுபடி கழற்றி, வளைவைச் சற்றே கூட்டினார். வெறும் வண்டி கோணலாக நின்றது. ஐயா ஏறியதும் சமமாயிற்று.

டொரன்டோ இளைஞரிடம் இதைச் சொன்னேன். மறுவாரம் ஒரு படம் அனுப்பினார். துரு நீக்கிய அடித்தகட்டின் நுனியில் உளியால் கொத்திய 'வ'. இடப்பக்கத்தில் 'இ'. "தமிழ் எழுத்து! யார் ஐயா இவர்?" என்று கேட்டிருந்தார்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். பாஸ் முதற் கணக்கில் விழுந்தார். புறப்பட்டவர்களை ரயில் தலைமன்னாருக்குக் கொண்டு சென்றது, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். மலைநாட்டார் அந்த ரயிலுக்கு இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

செய்தி சேகரிக்கக் கண்டி நிலையத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் அவர் என்னைக் கண்டுகொண்டார். தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயாகிட்ட சொல்லுங்க தம்பி, தகட்டுக்கு நடுவுல கிரீஸ் காயவிடக் கூடாது" என்றார்.