பதிவறையும் சி டிரைவும்: தருமபுரியில் இடம் ஒழித்த வரலாறு

தருமபுரி மாவட்டத்து வீடுகளில் கணினியின் ஹார்ட் டிஸ்கில் இடம் ஒழிக்கும் வேலை அண்மைக்காலத்தில் பரவியதுதான் என்றாலும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற கேள்வி அங்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபின், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராகத் தருமபுரியில் தங்கிப் பணிபுரிந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை நிலங்களை அளந்து, தீர்வை விதித்து, அவை பற்றிய கடிதங்களையும் அறிக்கைகளையும் எழுதிக் குவித்தனர். அவற்றில் எஞ்சியவை 1907 முதல் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற தொகுதிகளாகச் சென்னையில் அச்சேறின. ரயத்துவாரி முறை, அதாவது இடையில் ஜமீன்தார் இன்றி உழவரிடமே அரசு நேராக வரி பெறும் ஏற்பாடு, எவ்வாறு உருப்பெற்றது என்பதை இன்று விரிவாக அறிய முடிவது பெரும்பாலும் அந்தக் காகிதங்களை எவரும் கழித்துவிடாததால்தான்.

எனினும் எல்லாக் காகிதத்தையும் காப்பதற்கு எந்தக் கட்டடமும் போதாது. வருவாய்த் துறை இதற்குக் கண்ட வழி எளியது: கோப்பு முடிக்கப்படும்போதே அதன் ஆயுளையும் அதன்மேல் குறித்துவிட வேண்டும். ஓராண்டில் கழிக்கத் தக்கது ‘எல்.டிஸ்.’, மூன்றாண்டுக்கு உரியது ‘கே.டிஸ்.’, பத்தாண்டுக்கு உரியது ‘டி.டிஸ்.’, என்றென்றும் காக்க வேண்டியது ‘ஆர்.டிஸ்.’ எனப்பட்டன, தமிழ் ஆட்சிமொழியானபின் இவை ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று எழுதப்பட்டன. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோதும், 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தபோதும் இந்த நடைமுறை மாறவில்லை. இதில் கவனிக்கத் தக்கது, கோப்பின் ஆயுளை முடிவு செய்தது பதிவறை அன்று என்பதாகும். கோப்பின் பொருளை அறிந்த பிரிவு அலுவலகமே முடிவு செய்தது, பதிவறை அந்தக் குறியைப் பார்த்துக் கட்டு கட்டி அடுக்கி, காலம் வந்ததும் வெளியேற்றியது.

வீட்டுக்கு வந்த கணினியிடம் அப்படிக் குறி இட ஆள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாநிலத்திலேயே எழுத்தறிவு விகிதம் மிகக் குறைந்த மாவட்டமாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களைச் சென்றடைந்தபோது, பல குடும்பங்களுக்கு வீட்டின் முதல் கணினி அதுவே ஆயிற்று. முதல் சுற்றில் வந்தவற்றின் ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி அளவுடையது. உற்பத்தியாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகவும், விண்டோஸ் அதை 1024-இன் மடங்குகளாகவும் எண்ணுவதால், திறந்து பார்த்தவர்களுக்குச் சுமார் 298 ஜிபியே தெரிந்தது. மீதியை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று ஐயுற்றவர்கள் இருந்திருந்தால் வியப்பில்லை.

அன்று அந்த அளவு வற்றாததாகவே தோன்றியிருக்கும். 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வணிக வன்தட்டு ஐம்பது பெரிய தட்டுகளில் ஐம்பது லட்சம் எழுத்துகளையே கொண்டது. ஆனால் கைபேசியின் 4 ஜிபி மெமரி கார்டு நிறைந்தபோதெல்லாம் அதிலிருந்த படங்களும் பாட்டுகளும் திருமண வீடியோக்களும் மடிக்கணினிக்குக் குடிபெயர்ந்தன. அதோடு கணினி தானே சேர்த்துவைப்பவையும் உண்டு: நிரல்கள் வேலையின் நடுவே எழுதி மறந்துபோகும் தற்காலிகக் கோப்புகள், பழுது நேர்ந்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் மீட்புப் புள்ளிகள், உறக்க நிலைக்குச் செல்லுமுன் நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்கும் ஒரு பெரிய கோப்பு. இவை அனைத்தும் இயங்குதளம் குடியிருக்கும் சி டிரைவையே நிரப்புவதால், அதே ஹார்ட் டிஸ்கின் மறு பகுதியான டி டிரைவ் பாதி காலியாக இருக்கும்போதே சி டிரைவின் நீலப் பட்டை சிவப்பாக மாறிவிடும்.

கழிப்பதற்குக் கருவிகள் வந்தன. விண்டோஸ் 95 ரீசைக்கிள் பின்னையும், விண்டோஸ் 98 டிஸ்க் கிளீனப்பையும் தந்தன. இரண்டாவது கருவி தற்காலிகக் கோப்புகளில் ஒரு வாரமாகத் தொடப்படாதவற்றையே நீக்கும், பழைய எல்.டிஸ். முறையும் காலத்தைத்தான் கணக்கிட்டது, ஆனால் அதற்குமுன் ஒருவர் கோப்பைப் படித்திருந்தார். இயந்திரம் வயதையும் வகையையும் பார்க்கிறது, பொருளைப் பார்ப்பதில்லை. அதனால் தாத்தாவின் ஒரே படத்துக்கும் பத்து முறை வந்த காலை வணக்கப் படத்துக்கும் அதனிடம் ஒரே மதிப்புதான்.

இக்கருவிகளை அறியாதவர்கள் நாடியது சர்வீஸ் கடையை. அங்கே வழக்கமான மருந்து ‘ஃபார்மட் போடுவது’. சி டிரைவைத் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது. டி டிரைவில் கைவைப்பதில்லை என்பதால் இது தீங்கற்றதாகத் தோன்றினாலும், டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே இருக்கும் கோப்புகளும் மை டாக்குமென்ட்ஸில் உள்ளவையும் உண்மையில் சி டிரைவில்தான் உள்ளன. மிகவும் வேண்டியதை எளிதில் எடுக்கலாம் என்று முகப்பிலேயே வைத்தவர்களே இதனால் அதிகம் இழந்தனர். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, எது நி.மு., எது ஓ.மு. என்று அவரிடம் எவரும் சொல்லி அனுப்பவில்லை.

இழந்ததை மீட்க ஓரளவு வழி இருந்தது. பழைய வன்தட்டில் கோப்பை நீக்கும்போது கணினி அட்டவணையில் அதன் இடத்தைக் காலி என்று குறிக்கிறதே தவிர, தட்டில் பதிந்தது வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை அப்படியே கிடக்கிறது. மேலும் எதையும் பதியாமல் உடனே நிறுத்தினால் மீட்பு மென்பொருள்கள் அதைக் கண்டெடுக்கும். வேகத்துக்காக ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. பொருத்திக்கொள்ளும் இன்றைய வழக்கத்தில் அந்த அவகாசமும் சுருங்கிவிட்டது. நீக்கிய கோப்பின் இடம் இனி வேண்டாதது என்று இயங்குதளமே ‘டிரிம்’ என்னும் கட்டளையால் உடனுக்குடன் அறிவித்துவிடுவதால், எஸ்.எஸ்.டி. தன் ஓய்வு நேரத்தில் அதைத் தானே துடைத்து வைத்துவிடுகிறது.