பூசாத சுவர்

பூச்சு வைக்காத சுவர் என்றால், நான் கட்டட வேலைக்கு வந்த காலத்தில், வேலை முடியாத சுவர் என்றுதான் அர்த்தம். காசு தீர்ந்துபோய் நிறுத்திவிட்டார்கள் என்று ஊரார் பேசுவார்கள். இன்று அதே சுவருக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். மலையை வெட்டிச் சாலை போட்ட இடத்தில் மண் அடுக்கடுக்காகத் தெரியுமே, அப்படி நிறம் மாறி மாறி வரும் காங்கிரீட் சுவர் வேண்டுமாம். கோத்தகிரியில் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் என் தங்கை மகனுக்கும் அந்த ஆசை. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அடுக்கு முதலில் அழகுக்காக வந்ததல்ல. கிராமத்தில் மண்சுவர் வைக்கும்போது ஓர் அடுக்கு இறுகிய பிறகுதான் அடுத்ததை வைப்பார்கள். ஈரத்தோடு ஒரேயடியாக உயர்த்தினால் சரிந்துவிடும். காங்கிரீட் அணையிலும் அதே பொறுமைதான். சிமெண்ட் இறுகும்போது சூடு கிளம்பும். மொத்தமாகக் கொட்டினால் சூடு உள்ளே தங்கி வெடிப்பு விடும். அதனால் ஒன்றரை மீட்டர் அளவில் போட்டு, ஆறவிட்டு, மேலே ஏறுவார்கள். நம் குந்தா மின்திட்டத்துக்கு உதவிய கனடாதான் கேரளத்தின் இடுக்கி அணைக்கும் உதவியது. ஏறக்குறைய 169 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவு அணையின் முகத்தில் படுக்கைக் கோடுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கட்ட வேலை நின்ற இடம்.

காங்கிரீட்டைப் பூசாமல் விடுவதை மதிப்புள்ளதாக்கியவர்களில் முன்னோடி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை 1930களில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமா அங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார். 1950களில் சண்டிகரில் லே கொர்பூசியேயும் காங்கிரீட்டை மறைக்கவில்லை. அடுக்கையே அழகாக்கியதற்குப் பேர்போனது ஜெர்மனியில் பீட்டர் சும்தோர் 2007இல் முடித்த சிறு தேவாலயம். நாளுக்கு அரை மீட்டர் வீதம், 24 நாள், 24 அடுக்கு. ஊர்க்காரர்களும் சேர்ந்து இடித்து இறுக்கியது. எந்த நாளின் வேலை எது என்று சுவரைப் பார்த்தே எண்ணிவிடலாம்.

நிற அடுக்கு வேண்டுமென்றால் கலவை கெட்டியாக இருக்க வேண்டும். மணலையும் இரும்பு ஆக்சைடு நிறத்தூளையும் மாற்றி மாற்றிப் போட்டு இடிப்பார்கள். சிக்கலே இங்கேதான். வைப்ரேட்டரை அதிகம் ஓட்டினால் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து கோடு அழியும். குறைத்தால் உள்ளே தேன்கூடு போல ஓட்டை விழும். ஓர் அடுக்கு இறுகிய பின் தாமதமாக அடுத்ததைப் போட்டால், இரண்டும் ஒட்டாமல் வெறுமனே ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல கோட்டுக்கும் ஒட்டாத கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மழைக்குத் தெரியும்.

நம் மலையில் மேகம் சுவரிலேயே உட்காரும். ஒட்டாத கோட்டின் வழியே நீர் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வெளியே வெள்ளை பூக்கும், பாசி படியும். அதனால்தான் மண் சரிவைத் தாங்கும் சுவரில் இந்த வேலை வேண்டவே வேண்டாம் என்றேன். பின்னால் நிற்கும் நீர் பலவீனமான கோட்டைத்தான் முதலில் தேடும். வீட்டுக்குள் ஒரு சுவர், அல்லது கூரை நன்றாக வெளியே நீண்டு காக்கும் ஒரு சுவர் போதும். இடையில் வேலை நின்றால், பழைய அடுக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நனைத்து, சிமெண்ட் பால் பூசிய பிறகே தொடர வேண்டும்.

முதலில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்றை வெட்டவெளியில் கட்டச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை போன பிறகு அதன் கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.