அசையாத புள்ளியைத் தேடி...

"ஸ்திர நட்சத்திரம்" என்று பழைய புத்தகங்களில் ஒரு சொல் வரும். கிரகங்கள் அலையும், நட்சத்திரங்கள் அசையாது என்ற நம்பிக்கை. 1718-ல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரப் புகழ் ஹாலியேதான்) பழைய கிரேக்கக் குறிப்புகளைத் தன் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டார். சிரியஸ், சுவாதி எல்லாம் இடம் மாறியிருந்தன! சுவாதி 1800 வருடங்களில் நிலாவின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நகர்ந்திருக்கிறது.

இதில் வானியலாளர்களுக்குப் பெரிய தலைவலி. ஒன்றின் இடத்தைச் சொல்ல இன்னொன்று நிலையாக நிற்க வேண்டுமே? பூமியின் அச்சும் தள்ளாடுகிறது. நகர்ந்தது நட்சத்திரமா, நாமா? 1988-ல் வந்த எஃப்கே5 பட்டியல்கூட, 1535 நட்சத்திரங்களின் நகர்வைக் கணக்கிட்டுக் கழித்துத்தான் காலம் தள்ளியது. அந்தக் கணக்கில் சின்னப் பிழை இருந்தாலும் வருடா வருடம் வளரும்.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில், நிலா குறுக்கே வந்து மறைக்கும் நேரத்தைக் குறித்து, 3சி 273 என்ற ரேடியோ மூலத்தின் இடத்தை சிரில் ஹசார்டு குழுவினர் பிடித்தார்கள். அங்கே இருந்தது சாதாரண நட்சத்திரம் போல ஒரு புள்ளி. 1963-ல் மார்ட்டின் ஷ்மிட் அதன் நிறமாலையைப் பார்த்தபோது, ஹைட்ரஜன் கோடுகள் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் தள்ளியிருந்தன. தூரம் 200 கோடி ஒளியாண்டுக்கும் மேல்! குவாசர் என்பது இதுதான்.

ரயிலில் போகும்போது தந்திக் கம்பம் ஓடும், தூரத்து மலை நிற்கும் இல்லையா? குவாசர் அந்த மலை. கண்டங்கள் தாண்டி வைத்த ஆன்டெனாக்களில் ஒரே குவாசரின் ரேடியோ அலை எத்தனை நொடி வித்தியாசத்தில் வந்து சேர்கிறது என்று அணுக்கடிகாரத்தால் அளப்பார்கள். 1967-ல் தொடங்கிய இந்த முறையால்தான் பூமியின் சுழற்சி கொஞ்சம் வேகம் குறைந்தாலும் இன்று தெரிகிறது.

1997-ல் கியோட்டோவில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் நட்சத்திரங்களை ஓரங்கட்டிவிட்டு, 1998 ஜனவரி 1 முதல் வானத்தின் சட்டகத்தை இப்படிப்பட்ட தொலைதூர ரேடியோ மூலங்களிடம் ஒப்படைத்தது. பட்டியலில் 608 இருந்தும் அச்சுகளை நிர்ணயிக்க 212-ஐத்தான் நம்பினார்கள். குவாசரும் அவ்வளவு ஒழுங்கில்லை! அதிலிருந்து பீறிடும் தாரை பிரகாசமானால், ரேடியோ மையமே கொஞ்சம் தள்ளித் தெரியும். 2019-ல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது பட்டியலில் 4536 மூலங்கள், நம்பகமானவை 303.

அந்த முறை இன்னொரு திருத்தமும் சேர்ந்தது. சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு பால்வெளியைச் சுற்றுகிறது. அதனால் குவாசர்கள் எல்லாமே பால்வெளி மையத்தை நோக்கி வருடத்துக்கு ஒரு விகலையின் 10 லட்சத்தில் 5 பங்கு வரை நகர்வதுபோலத் தெரிகின்றன.