பானை பாடிய பாட்டு

சரித்திரம் எழுதுகிறவர்களின் கண்ணில் அரண்மனையும் போர்க்களமும் படுகிற அளவுக்கு அடுப்பங்கரைச் சாமான்கள் படுவதில்லை. அதிலும் மண்பானை என்றால், உடைந்து பூமிக்குள் புதைந்து, பல நூற்றாண்டு கழித்துத் தோண்டி எடுக்கப்பட்டால்தான் அதற்கு மரியாதை. அரிக்கமேட்டுப் பானை ஓடுகளுக்கு 1945-ல் மார்ட்டிமர் வீலர் அந்த மரியாதையைத் தேடித் தந்தார். அங்கிருந்து சில மைல் தூரத்தில்தான் வில்லியனூர் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நம் காலத்துப் பானை செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

என் சின்ன வயதில் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து டீக்கடைகளிலும் சலூன்களிலும் அதைப் பார்த்திருக்கிறேன். கடையின் ஒரு மூலையில், பிரிமணை மேல் சோற்றுப்பானை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆனால் அதன் வாயில் மூடி இராது. ஸ்பீக்கர் ஒன்று முகத்தை மேலே காட்டிக்கொண்டு பொருந்தியிருக்கும். இடுக்கில் துணியைத் திணித்திருப்பார்கள். இரண்டு கம்பிகள் அங்கிருந்து புறப்பட்டு டேப் ரிக்கார்டருக்கோ ரேடியோவுக்கோ போகும். பாட்டு ஆரம்பித்தால் பானையே பாடுகிறதோ என்று தோன்றும்.

இதற்கு என்ன அவசியம் வந்தது? பழைய நாளில் வசதியுள்ள வீடுகளில் இருந்த வால்வு ரேடியோ ஒரு சிறிய அலமாரி போல இருக்கும். அதன் மரப் பெட்டிக்குள்ளேயே நாதம் கனிந்து வெளியே வரும். 1947 கடைசியில் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த இருபது வருஷங்களில் ரேடியோ சிறுத்து, விலையும் இறங்கி, சாமான்யர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. புதுச்சேரியிலும் 1967-ல் வானொலி நிலையம் வந்துவிட்டது. ஏழை வீட்டுக்கும் சங்கீதம் கிடைத்தது என்பது நிஜம். ஆனால் கிடைத்த சங்கீதத்துக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது! உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் எங்கே போய் ஒளிந்தன என்று தெரியாது.

அவை போன இடம் சாஸ்திரத்துக்குத் தெரியும். இன்று நாம் உபயோகிக்கும் ஸ்பீக்கருக்கு வடிவம் கொடுத்தவர்கள் ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்கர்கள், வருஷம் 1925. அதிலுள்ள காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்னால் பிறந்த அலை ஓரமாகச் சுற்றி முன்னால் வந்து, முன் அலையைத் தின்றுவிடுகிறது. மெல்லிய ஓசைக்கு இந்தச் சங்கடம் அதிகம் இல்லை. கனத்த ஓசைக்குத்தான் ஆபத்து. பின்புறத்தை அடைத்துவிட்டால் சண்டை தீர்ந்தது. பானை செய்வது அதைத்தான். மெல்லிய பலகைப் பெட்டி பாட்டோடு சேர்ந்து தானும் அதிரும். வளைந்த மண்சுவர் விறைப்பானது, அவ்வளவு லேசில் அதிராது.

குறை இல்லாமல் இல்லை. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நீர் ஏற ஏற ஓசையும் உயருவதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் கேட்கிறார்கள். ஒவ்வொரு பானைக்கும் அதன் வயிற்றளவுக்குத் தக்க ஒரு சொந்தச் சுருதி உண்டு. சின்னப் பானையாக இருந்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே 'டொம் டொம்' கேட்கும். ஆகவே பானையைப் பெரிதாகப் பார்த்து எடுக்கவேண்டும்; உள்ளே கொஞ்சம் பஞ்சு போட்டால் எதிரொலி அடங்கும். பௌதிகப் புத்தகத்தைப் பார்த்தும் இந்த முடிவுக்கு வரலாம். விரலால் தட்டிப் பார்த்தும் வரலாம். டீக்கடைக்காரர் இரண்டாவது வழியில் வந்தவர்.

இந்த வழி மிகவும் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டிட நிபுணர், நாடக அரங்குகளின் ஆசனங்களுக்கு அடியில் சுருதி பார்த்த வெண்கலப் பாத்திரங்களை வைக்கச் சொல்கிறார். சிறிய ஊர்களில், கையில் காசு இல்லாத காரணத்தால், மண்ஜாடிகளை வைத்தே சமாளித்தவர்கள் உண்டு என்றும் எழுதியிருக்கிறார். அந்த ஜாடிகள் எவ்வளவு பலன் தந்தன என்பதில் அறிஞர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, சின்ன ஊர்க்காரனும் நல்ல நாதத்துக்கு ஆசைப்பட்டான், அவன் கைக்கு எட்டியது மண்தான் என்பதே.

வில்லியனூர் மண்ணுக்கு இன்று கௌரவம் குறைவில்லை. அவ்வூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. அவற்றில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் குதிரையும் பொம்மையும் கண்காட்சிக்குப் போகின்றன. பாட்டுப் பானையை எந்தக் கண்காட்சியிலும் நான் பார்த்ததில்லை. ஆயத்தப் பெட்டிகள் மலிவாக வந்ததும் அது மூலையிலிருந்து இறங்கிப் போயிற்று.

ஏழைக்குப் பாட்டுக் கேட்டால் போதும், நாத சுகம் எதற்கு என்று நினைப்பவர்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் செய்ய அந்த டீக்கடைக்காரருக்கு நேரம் இல்லை. குயவரிடம் போனார், நாலு பானையைத் தட்டிப் பார்த்தார், ஐந்தாவதை வாங்கிக்கொண்டு வந்தார்.