டொராண்டோ ராப்டர்ஸ்: 2018–19 பருவம்

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த தொழில்முறைக் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ், என்பிஏ தொடரில் ஆடிய 24ஆம் பருவம் 2018–19. வழக்கமான 82 ஆட்டங்களில் 58 வெற்றி, 24 தோல்வியுடன் கிழக்குப் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணி, பிளேஆஃப் சுற்றுகளில் ஒர்லாண்டோ, பிலடெல்பியா, மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட் அணிகளை அடுத்தடுத்து வென்று 2019 ஜூன் 13 அன்று சாம்பியன் ஆனது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி என்பிஏ கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

இந்த வெற்றியில் இன்னொரு வியப்பும் உண்டு. என்பிஏவில் ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் எனப்படும் இளம் வீரர் தேர்வில் முதல் 14 இடங்கள் லாட்டரி இடங்கள். பெரும் நட்சத்திரங்கள் ஆவார்கள் என்று எதிர்பார்க்கப்படுவோர் அங்கேதான் எடுக்கப்படுவார்கள். லாட்டரி முறை 1985இல் தொடங்கிய பிறகு, அந்த இடங்களில் எடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லாமல் கோப்பை வென்ற முதல் அணி இதுதான். காவாய் லெனர்ட் 15ஆம் இடம், கைல் லௌரி 24, செர்ஜ் இபாகா 24, பாஸ்கல் சியாகம் 27, டேனி கிரீன் 46, மார்க் கசோல் 48. ஃபிரெட் வான்வ்லீட்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. பலரும் முதலில் கடந்து போன வீரர்களே இந்தப் பருவத்தின் கதை.

பின்னணி

கூடைப்பந்தாட்டத்தை 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒன்டாரியோ மாகாணத்தின் அல்மான்ட்டில் பிறந்த கனடியர். பின்னாளில் என்பிஏவாக மாறிய தொடரின் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று டொராண்டோவில்தான் நடந்தது. அன்று ஆடிய டொராண்டோ ஹஸ்கீஸ் ஒரே பருவத்தில் மறைந்துபோனது. அரை நூற்றாண்டு கழித்து, 1995இல் ராப்டர்ஸும் வான்கூவர் கிரிஸ்லிஸும் சேர்க்கப்பட்டன. வான்கூவர் அணி 2001இல் மெம்பிஸுக்குக் குடிபெயர, ஐஸ் ஹாக்கியில் ஊறிய நாட்டின் ஒரே என்பிஏ அணியாக ராப்டர்ஸ் எஞ்சியது.

2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணி ராப்டர்ஸைப் பிளேஆஃபில் வெளியேற்றியது. கடைசி முறை தாங்கவே முடியாதது. வழக்கமான பருவத்தில் 59 வெற்றிகளுடன் கிழக்கின் முதலிடத்தில் இருந்த அணி, இரண்டாம் சுற்றில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் 0–4 எனச் சுருண்டது. பயிற்சியாளர் டுவேன் கேசி நீக்கப்பட்டார். சில வாரங்களில் அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கே கிடைத்தது. அவர் இடத்துக்கு உதவிப் பயிற்சியாளர் நிக் நர்ஸ் வந்தார். இங்கிலாந்தின் லீகிலும், என்பிஏவுக்கு அடுத்த நிலைத் தொடரிலும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்துத் தேறியவர் அவர்.

அணியின் நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி அதோடு நிற்கவில்லை. 2018 ஜூலை 18 அன்று டெமார் டீரோசன், யாக்கோப் பெல்ட்ல் இருவரையும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்து, காவாய் லெனர்டையும் டேனி கிரீனையும் பெற்றார். டீரோசன் ஒன்பது பருவங்கள் டொராண்டோவில் ஆடியவர். அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர். பெரிய நட்சத்திரங்கள் இந்த ஊரை விட்டுப் போவதே வழக்கமாக இருந்தபோது, இங்கேயே இருப்பேன் என்று சொன்னவர். லெனர்டோ தொடைத் தசைக் காயத்தால் முந்தைய பருவத்தில் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார். ஒப்பந்தம் ஓராண்டில் முடியக்கூடியதாக இருந்தது. டொராண்டோவுக்கு வர அவர் கேட்டதும் இல்லை. விசுவாசமான ஒருவரை ஓராண்டு விருந்தாளிக்காக அனுப்பிவிட்டார்கள் என்று நகரம் கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆட்டத்தின் கணக்கில் முடிவு சரியாக அமைந்தது என்பதால், டீரோசனுக்கு நேர்ந்தது சிறிதாகிவிடாது. அதே கோடையில் லெப்ரான் மேற்குப் பிரிவின் லேக்கர்ஸுக்குப் போனார். கிழக்கின் வாசல் திறந்தது.

வழக்கமான பருவம்

முதல் 13 ஆட்டங்களில் 12 வெற்றி. லெனர்டின் உடலைக் காப்பதே பருவத்தின் முதல் கவலை. அடுத்தடுத்த நாட்களில் ஆட்டங்கள் வந்தால் ஒன்றில் அவருக்கு ஓய்வு. மொத்தம் 60 ஆட்டங்களே ஆடினார், சராசரி 26.6 புள்ளிகள். அவர் ஆடாத 22 ஆட்டங்களில் 17ஐ அணி வென்றது. இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். லெனர்டுக்கு ஓய்வு கிடைத்த இரவுகளில்தான் மற்றவர்கள் பொறுப்பெடுக்கப் பழகினார்கள். டிசம்பரில் ஓக்லாண்டுக்குப் போய், அவர் இல்லாமலேயே கோல்டன் ஸ்டேட்டை 113–93 என வீழ்த்தியது இதற்குச் சான்று.

அதிகம் வளர்ந்தவர் சியாகம். கேமரூனில் பிறந்து, பாதிரியாராவதற்கான பள்ளியில் படித்து, தாமதமாகவே பந்தைக் கையில் எடுத்தவர். முந்தைய பருவத்தில் 7.3 ஆக இருந்த சராசரி 16.9 ஆக உயர்ந்தது. அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருது அவருக்கு வந்தது. லௌரி தன் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு 8.7 அசிஸ்ட் என்ற அளவில் மற்றவர்களுக்குப் பந்து கொடுத்தார். நெருங்கிய நண்பர் டீரோசனை இழந்த வருத்தத்தோடுதான் அவர் பருவத்தைத் தொடங்கினார்.

2019 பிப்ரவரி 7 அன்று யோனாஸ் வலன்சியூனாஸ் உட்பட மூவரை மெம்பிஸுக்குக் கொடுத்து மார்க் கசோல் கொண்டுவரப்பட்டார். 2013இல் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது பெற்ற ஸ்பானியர். எதிரணி எங்கே பந்தைக் கொண்டுபோகும் என்பதை முன்கூட்டியே படித்துவிடக்கூடியவர். லாட்டரி இடங்களில் வந்த டீரோசன், பெல்ட்ல், வலன்சியூனாஸ் மூவரும் இப்படிப் பரிமாற்றங்களில் வெளியேறினார்கள்.

அணியின் முகமும் நகரின் முகமும் இந்தப் பருவத்தில் ஒத்துப்போயின. உஜிரி நைஜீரியாவில் வளர்ந்தவர், இபாகா காங்கோவில் பிறந்தவர், ஓஜி அனுனோபி லண்டனில் பிறந்தவர், ஜெரமி லின் தைவானிய வம்சாவளியினர். டொராண்டோ நகரவாசிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். இலங்கைப் போரால் இடம்பெயர்ந்த தமிழர்கள் பெருமளவில் குடியேறிய ஸ்கார்பரோவும் இதே நகரின் பகுதிதான். தொடக்கப் பருவத்திலிருந்து உள்ளூர் ஆட்டங்களில் கூடையருகே தலைப்பாகையோடு நின்று உற்சாகமூட்டிய சீக்கியத் தொழிலதிபர் நவ் பாட்டியாவுக்கு, வீரர்களுக்குத் தந்தது போன்ற சாம்பியன் மோதிரத்தையே அணி பின்னர் வழங்கியது.

பிலடெல்பியாவுடன் ஏழு ஆட்டங்கள்

முதல் சுற்றின் முதல் ஆட்டத்தை ஒர்லாண்டோவிடம் 104–101 எனத் தோற்றார்கள்; லௌரி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பழைய பயம் எட்டிப் பார்த்தது. அடுத்த நான்கையும் வென்று அதைத் துடைத்தார்கள்.

இரண்டாம் சுற்றில் வந்த பிலடெல்பியா, உயரமும் வலுவும் கூடிய அணி. மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது டொராண்டோ 1–2 எனப் பின்தங்கியிருந்தது. நான்காவதில் லெனர்ட் 39 புள்ளிகள் எடுத்து மீட்டார். ஐந்தாவதை டொராண்டோவும் ஆறாவதைப் பிலடெல்பியாவும் வெல்ல, மே 12 அன்று டொராண்டோவின் ஸ்கோஷியாபேங்க் அரங்கில் ஏழாவது ஆட்டம் நடந்தது.

இரு அணிகளும் களைத்துப் போயிருந்த, கரடுமுரடான ஆட்டம் அது. முடிய 10.8 நொடிகள் இருந்தபோது லெனர்டின் ஒரு ஃப்ரீ த்ரோ தவறியது. ஜிம்மி பட்லர் பாய்ந்து போய்க் கூடையில் இட்டு 90–90 எனச் சமன் செய்தார். மீதி 4.2 நொடிகள். பந்தை வாங்கிய லெனர்ட் வலப்பக்கக் கோடு வரை ஓடினார். ஏழடி உயர ஜோயல் எம்பீட் துரத்தி வந்து கையை உயர்த்த, மூலையிலிருந்து வழக்கத்தைவிட உயர்வான வளைவில் எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே மணி ஒலித்தது. அது வளையத்தில் நான்கு முறை எகிறியது. லெனர்ட் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே விழுந்தது. 92–90. என்பிஏ வரலாற்றில் ஒரு சுற்றின் ஏழாவது ஆட்டத்தை இறுதி மணியோடு முடித்துவைத்த முதல் எறிதல்.

2001இல் இதே சுற்றில், இதே எதிரணியோடு, ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் வின்ஸ் கார்ட்டர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தது. 18 ஆண்டுகளாக அந்த நொடியைச் சுமந்திருந்த ரசிகர்களுக்கு இந்த நான்கு எகிறல்களும் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்! லெனர்ட் அன்று 39 முறை எறிந்து 41 புள்ளிகள் எடுத்தார்.

மில்வாக்கி

60 வெற்றிகளுடன் தொடரிலேயே முதலிடம் பெற்ற மில்வாக்கி, கிழக்கின் இறுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களையும் எடுத்தது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரரான யானிஸ் அன்டெட்டோகும்போவை நிறுத்த யாருமில்லை என்று தோன்றியது. மூன்றாவது ஆட்டத்திலிருந்து நர்ஸ் அந்த வேலையை லெனர்டிடமே கொடுத்தார். இருமுறை கூடுதல் நேரத்துக்கு நீண்ட அந்த ஆட்டத்தில் 52 நிமிடங்கள் களத்தில் நின்று, யானிஸைத் தடுத்து, 36 புள்ளிகளும் எடுத்தார். 118–112. சுற்று திரும்பிய இடம் இதுதான்.

அதன் பின் வந்தது வான்வ்லீட்டின் வாரம். பிலடெல்பியாவின் உயரத்துக்கு எதிரே எறிய முடியாமல் திணறிய அவருக்கு, மூன்றாவது ஆட்டத்துக்கும் நான்காவதுக்கும் இடையில் மகன் பிறந்தான். அடுத்த மூன்று ஆட்டங்களில் 17 மூன்று புள்ளி எறிதல்களில் 14ஐ அவர் கூடையில் சேர்த்தார். அந்தப் பருவம் முழுக்க மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றிராத மில்வாக்கி, நான்கைத் தொடர்ந்து தோற்றது. மே 25 அன்று நடந்த ஆறாவது ஆட்டத்தில் 15 புள்ளிகள் பின்தங்கிய நிலையிலிருந்து, எதிரணி மூன்றே புள்ளிகள் எடுக்கும் நேரத்தில் 26 புள்ளிகளைக் குவித்து, 100–94 என ராப்டர்ஸ் முதன்முறையாக இறுதிக்குள் நுழைந்தது.

இறுதிச் சுற்று

எதிரே, தொடர்ந்து மூன்றாவது கோப்பையைத் தேடிய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அவர்களுடைய கெவின் டுரான்ட் காயத்தால் வெளியே இருந்தார். முதல் ஆட்டத்தில் சியாகம் 17 எறிதல்களில் 14ஐச் சேர்த்து 32 புள்ளிகள் எடுக்க, டொராண்டோ 118–109 என வென்றது. இரண்டாவதை வாரியர்ஸ் எடுத்தது. அதன் கடைசிப் பகுதியில் நர்ஸ், நால்வரைச் சதுரமாக நிறுத்தி ஐந்தாமவரை ஸ்டீஃபன் கரியோடு ஒட்டவைத்தார். பெரும்பாலும் பள்ளி ஆட்டங்களில் காணக்கூடிய வியூகம். அந்த ஒட்டுதல் வேலை வான்வ்லீட்டுக்கு. ஓக்லாண்டில் நடந்த அடுத்த இரண்டையும் வென்று டொராண்டோ 3–1 என முன்னேறியது. மூன்றாவதில் கரி 47 புள்ளிகள் எடுத்தும் பலனில்லை.

ஐந்தாவது ஆட்டம், ஜூன் 10, டொராண்டோ. டுரான்ட் திரும்பி வந்து 12 நிமிடங்களில் 11 புள்ளிகள் எடுத்தார். பிறகு குதிகால் நாண் அறுந்து சரிந்தார். அரங்கில் ஒரு பகுதியினர் கைதட்டியது இந்தப் பருவத்தின் அழகற்ற கணம். லௌரியும் இபாகாவும் கையசைத்து அவர்களை அடக்கினார்கள். அன்று வாரியர்ஸ் 106–105 எனப் பிழைத்தது.

ஜூன் 13 அன்று ஓக்லாண்டின் ஓராக்கிள் அரங்கில் ஆறாவது ஆட்டம். அங்கே நடந்த கடைசி என்பிஏ ஆட்டமும் அதுதான். தொடங்கிய சில நிமிடங்களில் அணியின் முதல் 11 புள்ளிகளையும் லௌரி ஒருவரே எடுத்தார். பிளேஆஃபில் ஒதுங்கிவிடுவார் என்று ஆண்டுதோறும் பழி சுமந்தவருக்கு இதைவிடத் தெளிவான பதில் வாய்த்திருக்காது. 26 புள்ளிகள், 10 அசிஸ்ட் என முடித்தார். சியாகமுக்கும் 26. வான்வ்லீட் எடுத்த 22இல் 12 கடைசிக் கால்பகுதியில் வந்தவை. வாரியர்ஸின் கிளே தாம்சன் முழங்கால் தசைநார் கிழிந்தும் திரும்பி வந்து இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு, 30 புள்ளிகளோடுதான் வெளியேறினார். ஒரு புள்ளி வித்தியாசத்தில் கரி எறிந்த பந்து தவற, ஆட்டம் 114–110 என முடிந்தது. வாரியர்ஸின் காயங்கள் இந்த வெற்றிக்கு உதவின என்பது உண்மை. ஆனால் அவர்களை எட்டிய அணி, 60 வெற்றி அணியைத் தாண்டித்தான் வந்தது.

இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது லெனர்டுக்கு. இரு பிரிவு அணிகளுக்காகவும் அதை வென்ற முதல் வீரர் அவர். 24 பிளேஆஃப் ஆட்டங்களில் 732 புள்ளிகள் எடுத்திருந்தார்.

பின்விளைவுகள்

கோப்பை வென்ற இரவில், களத்துக்குள் போக முயன்ற உஜிரியை ஒரு காவலர் தடுத்துத் தள்ளினார். பழி முதலில் உஜிரி மீதே விழுந்தது, வழக்கும் தொடரப்பட்டது. 2020இல் வெளியான காவலரின் உடல் கேமரா பதிவு, முதலில் தள்ளியவர் காவலரே என்று காட்டியது. 2021இல் வழக்கு கைவிடப்பட்டது. 2019 ஜூன் 17 அன்று டொராண்டோவில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். விழாத் திடலில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் நால்வர் காயமடைந்தனர்.

ஜூலையில் லெனர்ட் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கும் கிரீன் லேக்கர்ஸுக்கும் போனார்கள். அவர்கள் இருவரும் இல்லாமல், தொற்றுநோயால் சுருங்கிய 2019–20 பருவத்தில் ராப்டர்ஸ் 53 ஆட்டங்களை வென்று 19இல் மட்டுமே தோற்றது. வெற்றி விகிதத்தில் அது சாம்பியன் பருவத்தையும் மிஞ்சியது. நர்ஸ் சிறந்த பயிற்சியாளர் ஆனார். இரண்டாம் சுற்றில் பாஸ்டன் அணி ஏழு ஆட்டங்களில் அவர்களை வென்ற பிறகே கோப்பை கைமாறியது.