கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆன கதை

சென்னையின் மிகப் பழைய வணிகப் பகுதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அரசு ஆவணங்களிலும் வரைபடங்களிலும் ‘பிளாக் டவுன்’, அதாவது கறுப்பர் நகரம், என்றே எழுதப்பட்டு வந்தது. 1906 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்து சென்றதை ஒட்டி அதற்கு ‘ஜார்ஜ் டவுன்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. அந்த இளவரசரே பின்னர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானார் என்பதால், 1911-இல் நடந்த அவரது முடிசூட்டு விழாவோடு இப்பெயர் மாற்றத்தை இணைத்து எழுதுவோரும் உண்டு. ஒரு பகுதியின் பெயர் ஒரே அரசாணையில் மாறிவிட்டதுபோலத் தோன்றும் இந்நிகழ்ச்சிக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூற்று ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், மண் மாறியபோது பெயர் மாறவில்லை, பெயர் மாறியபோது மண் மாறவில்லை என்பதுதான்.

1639-ஆம் ஆண்டு தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவரான பிரான்சிஸ் டே ஒரு கடற்கரைத் துண்டைப் பெற்று, மறு ஆண்டில் அங்கே புனித ஜார்ஜ் கோட்டையின் முதற்பகுதி எழுந்தபோது, கோட்டைக்கு வடக்கே, சுவரை ஒட்டியே, நெசவாளரும் வணிகரும் சாயக்காரரும் குடியமர்த்தப்பட்டனர். கம்பெனி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய விரும்பியது பருத்தித் துணி என்பதால், அத்துணியை நெய்பவரும் வாங்கித் தருபவரும் கூப்பிடு தொலைவில் இருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியர் வாழ்ந்த உட்பகுதி ‘ஒயிட் டவுன்’ எனவும், இந்தியர் வாழ்ந்த வெளிப்பகுதி ‘பிளாக் டவுன்’ எனவும் வழங்கலாயின. தொடக்க காலத்தில் இதனை ‘ஜென்டூ டவுன்’ என்றும் எழுதினர். ஜென்டூ என்பது அன்றைய ஐரோப்பியர் தெலுங்கரைக் குறிக்க ஆண்ட சொல், தமிழரையோ அவர்கள் ‘மலபார்கள்’ என்றனர். உள்ளூர்க்காரர் தம் ஊரை இவ்வாறெல்லாம் அழைக்கவில்லை. அவர்களுக்கு அது சென்னப்பட்டணம், சுருக்கமாகப் பட்டணம். வேங்கடாத்ரியின் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் வந்தது அது.

அந்தப் பழைய கறுப்பர் நகரம் இன்றைய ஜார்ஜ் டவுன் அன்று. உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் நிற்கும் வளாகமே அதன் இடம். 1746-இல் லா போர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றி, உடன்படிக்கையின்படி 1749-இல் திருப்பிக் கொடுக்கும்வரை, கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளில் பலவற்றை இடித்துத் தள்ளினர். முற்றுகையிடுவோர் வீடுகளுக்குள் மறைந்து கோட்டையை நெருங்கிவிடலாம் என்ற பாடத்தை அவர்களிடமிருந்தே கற்ற ஆங்கிலேயர், திரும்பி வந்ததும் எஞ்சியவற்றையும் தரைமட்டமாக்கத் தொடங்கினர். ‘பட்டணம் கோயில்’ என்று பெயர்பெற்ற சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757-இல் இடிக்கப்பட்டது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டு, இரண்டு மாதத்துக்குப் பின் தோற்றுப் பின்வாங்கியதும், கோட்டையைச் சுற்றிலும் பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்கான வெற்றுவெளி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது உறுதியாயிற்று. அவ்வெளிக்கு ‘எஸ்பிளனேட்’ என்று பெயர். அதன் எல்லையைக் காட்ட நடப்பட்ட, 1773-ஆம் ஆண்டைத் தாங்கிய கற்றூண்களுள் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில், இன்றும் நிற்கிறது. அன்றாடம் அதைக் கடந்து போகும் பல்லாயிரம் பேருள் அது ஓர் ஊரின் கல்லறைக்கல் போன்றது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

வீடிழந்தவர்கள் வெட்டவெளியின் வடக்கே, முன்பே பேட்டைகளாக இருந்த நிலத்துக்கு நகர்ந்தனர். கோயிலும் நகர்ந்தது: மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் பூக்கடையை அடுத்துப் புதுக்கோயில்கள் எழும்பின. கூடவே, ஆங்கில ஆவணங்களில் பெயரும் நகர்ந்தது. முன்பு பேட்டைகள் என்று தனியே சுட்டப்பட்டவை இப்போது மொத்தமாகக் கறுப்பர் நகரம் ஆயின. அதாவது 1906-இல் நீக்கப்பட்ட பெயர் அந்த மண்ணுக்கு உரிய பிறப்புப் பெயரே அன்று, அழிந்துபோன அண்டை ஊரிடமிருந்து அது பெற்ற சொத்து.

பேட்டைகள் இரண்டு. மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை, கிழக்கே முத்தியால்பேட்டை. பெத்தநாயக்கன் என்பது நகரக் காவலைப் பரம்பரையாக ஏற்றிருந்த தலையாரியின் பட்டம்; திருட்டுப்போன பொருளுக்கு அவரே பொறுப்பு, அதற்கு ஈடாக வரிகளில் ஒரு பங்கு அவருக்கு. இவ்விரு பேட்டைகளின் பிரிவினை வெறும் திசைப் பிரிவினையாக இருந்ததில்லை. தென்னிந்தியாவில் தொழிற்சாதிகளும் வணிகச் சாதிகளும் வலங்கை, இடங்கை என்று இரு அணிகளாகப் பிரிந்து, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், எந்தக் கொடியைப் பிடிக்கலாம் என்பவற்றில் மோதிக்கொண்ட வழக்கம் இங்கும் கடுமையாக இருந்தது. கோமுட்டிச் செட்டிகள் வலங்கை. பேரிச் செட்டிகளும் கம்மாளரும் இடங்கை. 1707-இல் மூண்ட பெருஞ்சண்டையை அடக்க, ஆளுநர் தாமஸ் பிட், பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையாருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையாருக்கும் ஒதுக்கினார். கம்மாளரின் காளிகாம்பாள் கோயில் முத்தியால்பேட்டையின் தம்புச் செட்டித் தெருவில் இருப்பது இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தியே அமைகிறது. ஆகவே ஆங்கிலேயர் ஒற்றை நிறச்சொல்லால் சுட்டிய நகரம், உள்ளிருந்து பார்த்தவர்க்கு ஒன்றாகவே தெரிந்ததில்லை. ‘எந்தப் பேட்டை’ என்ற கேள்விக்குப் பிறகே அங்கே மற்றவை.

இரு பேட்டைகளுக்கும் நடுவே ஒரு வடிகால் ஓடை இருந்தது. 1778-இல் சென்னைக்கு வந்த வழக்கறிஞர் ஸ்டீபன் பாபம் அவ்வோடை நிலத்தைச் சீர்செய்து அகன்ற தெருவாக்கினார். அதுவே பாபம்ஸ் பிராட்வே. சாதி அணிகளைப் பிரித்த பள்ளம் வழக்கறிஞர்களும் அச்சகங்களும் நிறைந்த கடைத்தெருவானது இந்நகரத்தின் பெயர் வரலாற்றில் இனிமையான திருப்பங்களுள் ஒன்று. இனிமையற்றதும் உண்டு. நகரைச் சுற்றி மதில் எழுப்பிய செலவைக் குடிகளிடம் வரியாக வாங்கக் கம்பெனி எண்ணியதும், அவ்வரி வசூலாகாமலே போனதும், மதில் பெரும்பாலும் மறைந்த பின்னும் ‘வால்டாக்ஸ் ரோடு’ என்ற பெயர் நிலைத்ததும் அதற்குச் சான்று; வராத வரிக்கு இத்தனை நீண்ட நினைவுச்சின்னம் வேறெங்கும் கிடைப்பது அரிது.

இந்நிலையில் ‘கறுப்பர்’ என்ற அடைமொழி எந்தக் காலத்திலாவது உண்மையாக இருந்ததா என்று கேட்பது முறை. பவளக்காரத் தெரு, மத்தியதரைக் கடற் பவளத்தை இறக்கி கோல்கொண்டா வைரத்தை ஏற்றிய யூத வணிகரை நினைவூட்டுவது. ஆர்மீனியத் தெருவில் 1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனியர் மாதாகோயில் இன்றும் இருக்கிறது. சௌகார்பேட்டையில் வட இந்திய வட்டிக்கடைக்காரரும் துணி வணிகரும் நிலைகொண்டனர். சௌகார் என்றால் பணம் புழங்கும் பெருவணிகர் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ கடற்கரையை ஒட்டிய முதல் வரிசையில் ஐரோப்பிய வங்கிகளும் கப்பல் முகமைகளும் நிரம்பி, 1884-இல் தலைமை அஞ்சலகமும், 1892-இல் பழைய நகரத்தின் மேலேயே உயர் நீதிமன்றமும் எழும்பிவிட்டன. கறுப்பர் நகரத்தின் மிக விலையுயர்ந்த மனைகளில் வெள்ளையர் அலுவலகங்கள் நின்றன என்பதால், அப்பெயர் இழிவானது என்பதோடு தவறானதாகவும் ஆகியிருந்தது. இளவரசரின் வருகை அதனைக் கைவிட ஒரு கண்ணியமான சாக்காயிற்று என்று கொள்வதே பொருத்தம்.

மாற்றம் எவ்வளவு சிக்கனமாகச் செய்யப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. இரண்டு சொற்களில் ஒன்றே எடுக்கப்பட்டது. டவுன் அப்படியே இருந்தது. குடிகள் தலைமுறை தலைமுறையாக ஆண்ட சென்னப்பட்டணம் என்ற பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அந்தப் பெயரின் முற்பாதி ஒரு பகுதிக்கு அன்றி மாநகர் முழுவதற்கும் உரியதாக 1996 ஆக வேண்டியிருந்தது. மன்னர் பெயரை ஊருக்கு இடுவது பேரரசின் பழைய கைவழக்கம்: பினாங்கின் ஜார்ஜ் டவுனும், 1812-இல் ஸ்டாப்ரூக் என்ற டச்சுப் பெயரை இழந்த கயானாவின் ஜார்ஜ் டவுனும் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் அமைந்தவை. சென்னையில் மட்டும் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. கோட்டையின் ஜார்ஜ் இங்கிலாந்தின் காவற் புனிதர்; டவுனின் ஜார்ஜ் பேரரசர். இரண்டும் அருகருகே இருப்பதால் கோட்டையிலிருந்தே டவுனுக்குப் பெயர் வந்தது என்று பலரும் கருதுகின்றனர், அக்கருத்துதான் அப்பெயரைப் பின்னாளில் காப்பாற்றியது என்று சொன்னாலும் மிகையாகாது.

விடுதலைக்குப் பின் தெருக்களின் பெயர்கள் வேகமாக மாறின. சைனா பஜார் சாலை நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையாயிற்று. முதல் கடற்கரைச் சாலை ராஜாஜி சாலையாயிற்று. பிராட்வே, சென்னையில் வழக்கறிஞராகப் பணியாற்றிய ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயரால் பிரகாசம் சாலையாயிற்று. ஆனால் பேரரசரின் பெயர் தாங்கிய பகுதியை எவரும் தொடவில்லை. தெருவுக்குப் பலகை உண்டு, மாநகராட்சித் தீர்மானம் ஒன்றால் பலகையை மாற்றிவிடலாம். பகுதிக்குப் பலகை கிடையாது, அது பத்திரங்களிலும் நீதிமன்றப் பெயர்களிலும் தபால் முகவரிகளிலும் மட்டுமே வாழ்கிறது. அதனால்தான் ஜார்ஜ் டவுன் நீதிமன்றம் என்று சொல்லும் அதே வழக்கறிஞர், வீட்டுக்குப் புறப்படும்போது பிராட்வேயில் பஸ் ஏறுவதாகச் சொல்கிறார், பிரகாசம் சாலையில் என்று சொல்வதில்லை.

மக்கள் நாவில் நடந்த பெயர் மாற்றங்களோ எந்தத் தீர்மானத்துக்கும் காத்திருக்கவில்லை. ஆர்மீனியன் என்பது வாய்க்கு வராமல் அத்தெரு அரண்மனைக்காரத் தெரு ஆயிற்று. அரண்மனை ஏதும் அங்கிருந்ததில்லை. 1788-இல் தொழில் தொடங்கிய வேல்ஸ் நாட்டு வணிகர் தாமஸ் பாரியின் நிறுவனம் நின்ற மூலை பாரிமுனை ஆனபோது, முல்லைக்குத் தேர் ஈந்த பறம்புமலை வள்ளலின் பெயரென்று அது செவிக்குப் பட்டதால், தமிழ்ப்படுத்தும் வேலையை யாரும் செய்யாமலே அது தமிழாகிவிட்டது. நாணயச்சாலை இருந்த தெரு தங்கசாலை. காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போன பின்னும் கொத்தவால் சாவடி கொத்தவால் சாவடியே.

2019 பிப்ரவரியில் இப்பகுதியின் அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது இரண்டு நிலையங்களுக்குப் பெயர் தேவைப்பட்டது. பழைய கறுப்பர் நகரம் இடிபட்ட மண்ணை ஒட்டியுள்ள நிலையத்துக்கு உயர் நீதிமன்றம் என்று பெயர். அதற்கு வடக்கே, முத்தியால்பேட்டைக்குள் அமைந்த அடுத்த நிலையத்துக்கு மண்ணடி.