லீட்ஸ் நகரத்து வயிற்றுவலி: தீர்மானிக்கும் அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

செயற்கை நுண்ணறிவு பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. எந்திரம் டாக்டரை மிஞ்சிவிடுமா, மிஞ்சாதா? 'என்ன இருந்தாலும் மனுசன் மனுசன்தாங்க' என்கிறார் ஒரு நண்பர். 'அதெல்லாம் பழைய கதை' என்று மடக்குகிறார் இன்னொருவர். இந்தக் கேள்விக்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் கிடைத்துவிட்டது என்பதோ, அந்தப் பதிலால் எதுவும் தீர்ந்துவிடவில்லை என்பதோ நம் விவாதங்களில் வருவதேயில்லை.

1970களின் தொடக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். டி டோம்பல் என்கிற அறுவை மருத்துவரும் அவரது சகாக்களும் திடீர் வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்பவர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். வயிற்றுவலி என்பது ஏமாற்றுக்காரன். குடல்வால் அழற்சியா, பித்தப்பையா, வயிற்றுப் புண் ஓட்டை விழுந்துவிட்டதா, அல்லது இரண்டு நாளில் தானே போய்விடும் ஏதோ ஒரு வலியா? நடுராத்திரியில் டியூட்டியில் இருக்கிற இளம் டாக்டர் அறுப்பதா, காத்திருப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். அறுத்துப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் வீண் அறுவை. காத்திருந்து குடல்வால் வெடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. லீட்ஸ் குழுவின் கணினி, பழைய நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொண்டு, இன்னின்ன அறிகுறிகள் சேர்ந்திருந்தால் இன்ன நோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பேயஸ் தேற்றப்படி கணக்குப் போட்டது. முடிவுகள் 1972இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியாயின. 304 நோயாளிகளில் கணினி சரியாகச் சொன்னது 91.8 சதவீதம். மருத்துவர்களிலேயே மூத்தவர் சரியாகச் சொன்னது 79.6 சதவீதம்.

ஆக, போட்டி அப்போதே முடிந்துவிட்டது. எந்திரம் ஜெயித்துவிட்டது. கதையை இங்கேயே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் அதே குழு 1974இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கணினியை விட்டுவிட்டு, சோதனை நடந்த காலத்தில் டாக்டர்கள் என்ன ஆனார்கள் என்று அது பார்க்கிறது. அறுவைக்கு முன்பே வெடித்துவிட்ட குடல்வால்களின் விகிதம் 36 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. வீண் அறுவைகளும் கூர்மையாகக் குறைந்திருக்கின்றன. அதாவது டாக்டர்களே முன்னைவிட நல்ல டாக்டர்களாகிவிட்டார்கள். 1972 ஆகஸ்டில் சோதனை முடிந்தது. அதன்பின் எல்லாம் பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கிவிட்டன.

ஏன் இப்படி? குழுவினரே ஒரு விளக்கத்தை முன்வைக்கிறார்கள். கணினியோடு பேச வேண்டுமென்றால் டாக்டர் ஒழுங்காகக் கேட்டாக வேண்டும். எங்க வலிக்குது, எப்ப ஆரம்பிச்சது, வலி இடம் மாறிச்சா, வாந்தி உண்டா, சாப்பிட முடியுதா? வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கண்டதைக் குறித்தாக வேண்டும். அடுத்து, தான் சொன்னது சரியா தப்பா என்ற சேதி அவருக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருந்தது. சோதனை இல்லாத காலத்தில் இரவு டியூட்டி பார்த்தவருக்கு அந்த நோயாளி என்ன ஆனார் என்பது பெரும்பாலும் காதுக்கே வந்திருக்காது. டாக்டரைச் சீராக்கியதில் எந்திரத்தின் பதிலுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பதிலைப் பெறுவதற்காக அவர் செய்ய நேர்ந்த வேலைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். 'மனிதத் தீர்ப்பு' என்று நாம் பூஜையில் வைத்துக் கும்பிடுகிற அந்தச் சமாச்சாரம் மூத்த மருத்துவரின் மண்டைக்குள் சுடர்விடும் ஜோதி அல்ல. ஒரு ஏற்பாட்டில் அது விளைகிறது. ஏற்பாட்டைக் கலைத்தால் அதுவும் கலைந்துபோகிறது.

1986இல் வெளியான ஆய்வொன்றில், எட்டு மையங்களில், 16,737 நோயாளிகளிடம் இது மறுபடி சோதிக்கப்பட்டது. முதல் பார்வையிலேயே நோயைச் சரியாகச் சொல்வது 45.6 சதவீதத்திலிருந்து 65.3 ஆக உயர்ந்தது. சாவு குறைந்தது. அதே அறிக்கையில் 278 அறுவைகளும் 8,516 படுக்கை இரவுகளும் மிச்சம் என்றும், நாடு முழுக்கச் செய்தால் கோடிக்கணக்கில் லாபம் என்றும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிர்வாகத்தின் கண் எந்தப் பத்தியில் நிலைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்திரத்தை ஒருமுறை வாங்கினால் போதும். கேட்கவும் தொடவும் திருத்தவும் வேண்டிய நேரத்துக்கோ தினம் தினம் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

பட்டறையில் இது பழைய கதை. தொழிலாளியின் கையிலும் கண்ணிலும் இருந்த அறிவைத் திரட்டி, விதியாக்கி, திட்டமிடும் அறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்று 1911இலேயே டெய்லர் எழுதிவிட்டார். செம்புப் பட்டறையில் வேலை பார்த்தவரான பிரேவர்மன் 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' நூலில், சிந்திப்பதையும் செய்வதையும் பிரித்துப்போடுவதே இதன் சாரம் என்று காட்டினார். அந்த நூல் வந்ததும் 1974இல்தான். நமது தோழர்கள் சிலர் இதை வைத்துக்கொண்டு, எந்திரம் வந்தாலே திறன் போய்விடும் என்று சூத்திரம் போட்டுவிடுகிறார்கள். லீட்ஸ் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். அங்கே எந்திரம் வந்தபோது திறன் கூடியது.

போலந்தில் வேறு மாதிரி நடந்தது. பெருங்குடலுக்குள் குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்க்கிற டாக்டர்களுக்கு, புற்றாக மாறக்கூடிய கட்டிகளைத் திரையிலேயே கட்டம் போட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவு தரப்பட்டது. அது இல்லாமல் செய்யும் பரிசோதனைகளில் அவர்கள் கட்டி கண்டுபிடிக்கும் விகிதம், அதைப் பழகுவதற்கு முன் 28.4 சதவீதமாக இருந்தது, பழகிய பின் 22.4 ஆகிவிட்டது. 2025இல் வெளியான ஆய்வு இது. இவர்கள் கற்றுக்குட்டிகளும் அல்ல, தலா 2,000க்கு மேல் செய்தவர்கள். சோதனைக்காகவே வகுத்து நடத்திய ஆய்வல்ல இது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் லீட்ஸின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றுகிறது. அங்கே டாக்டர் பார்த்துச் சொன்னதை வாங்கிக்கொண்டுதான் எந்திரம் பேசியது. இங்கே அவர் பார்ப்பதற்கு முன்பே அது கட்டம் போட்டுவிடுகிறது.

இதைவிட மோசமான வகையும் உண்டு. அமெரிக்காவில் யுனைடெட்ஹெல்த் என்கிற மாபெரும் காப்பீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம், முதியவர் ஒருவர் மறுவாழ்வு மையத்தில் எத்தனை நாள் இருக்க வேண்டிவரும் என்பதை ஒரு கணிப்பு மென்பொருளால் கணக்கிட்டது. ஊழியர்கள் அந்தக் கணிப்பிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்று இலக்கு வைக்கப்பட்டதாக 2023இல் பத்திரிகைச் செய்திகள் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் வழக்கும் தொடரப்பட்டது. மென்பொருள் வெறும் வழிகாட்டிதான், முடிவு எடுப்பது அது அல்ல என்பது நிறுவனத்தின் வாதம். குற்றச்சாட்டு உண்மையென்றால் இந்த 'வழிகாட்டி'க்கு என்ன அர்த்தம்? கையெழுத்துப் போட மனிதர் இருக்கிறார், கையை அசைக்க 1 சதவீத இடமும் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் மாட்டப்போவது அந்தக் கையெழுத்துதான்.

கடைசியாக நமக்கும் சம்பந்தமுள்ள ஒன்று. சர்க்கரை நோயால் கண்ணின் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் நிரலை கூகுள் 2016இல் அறிவித்தது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்த 1,28,175 படங்களில் அமெரிக்காவின் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் உண்டு. நம் ஊர்ச் சனங்களின் கண்கள். பிறகு 2018, 2019இல் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் அதை வைத்துப் பார்த்தார்கள். எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதவில்லை என்று எந்திரம் தள்ளிவிட்டது. அந்த நிலையங்கள் பலவற்றில் படம் எடுக்கத் தோதான இருட்டறையே கிடையாது. தள்ளப்பட்ட படத்தைப் பார்த்து, இதில் கோளாறு இல்லை என்று நர்ஸுக்குத் தெரிந்தாலும் விதி விதிதான். நோயாளியை வேறு ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு தனி. அலைச்சலை நினைத்து, இந்தச் சோதனையே வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொன்ன நர்ஸுகளும் இருந்தார்கள்.

ஆய்வாளர்கள் நர்ஸுகளோடு உட்கார்ந்து பேசினார்கள். பின்னர் விதி மாற்றப்பட்டது. தள்ளப்பட்ட படத்தை, நோயாளியின் பழைய மருத்துவக் குறிப்புகளோடு சேர்த்து ஒரு கண் மருத்துவர் பார்க்கலாம், எல்லோரையும் அனுப்ப வேண்டியதில்லை என்றானது. மாற்றிய விதியிலும் கடைசிச் சொல் டாக்டருடையதுதான், கேமராவுக்குப் பின்னால் நின்ற நர்ஸுடையதல்ல.